மாத்திரை பேசின பேச்சு

எங்க வீடு மூணாவது மாடிங்க சார். லிஃப்ட் இல்ல. ஓசூர்ல இந்த வாடகைக்கு இது கிடைச்சதே பெருசு.

என் வீட்டுக்காரர் மெல்வின் லேத் ஆப்பரேட்டர். கிட்னி ரெண்டும் போனப்புறம் வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். நானும் கீழ்வீட்டு கங்கப்பன் அண்ணனும் அவரை நாற்காலியோட தூக்கி இறக்குவோம். அண்ணன் கன்னடத்துல "நிதானா, நிதானா"ன்னுக்கிட்டே வருவார். திரும்ப ஏத்திட்டு நான் கம்பெனிக்கு ஓடணும். எனக்கு முடியல சார், அதை மட்டும் முதல்லயே சொல்லிடறேன்.

கிறிஸ்மஸ் முடிஞ்சு அவர் பேச்சே நின்னுபோச்சு. சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு, "டயாலிசிஸ் வேணாம் ஜெபா, விட்டுடு"ன்னார். டாக்டரம்மா, இது மனச்சோர்வு, இந்த மாதிரி நோயாளிங்களுக்கு வர்றதுதான், வேணாம்னு சொல்ல வைக்கிறதே அதுதான்னு சொல்லி ஒரு மாத்திரை எழுதினாங்க. கேக்க சில வாரம் ஆகும், நிறுத்திடாதீங்கன்னாங்க.

சொன்ன மாதிரியே கேட்டுச்சு. ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். ரசம் சப்புன்னு இருக்குன்னு திட்டினார். "இன்னும் பத்து வருஷம் ஓட்டிடலாம் ஜெபா"ன்னு சிரிச்சார். நான் படிக்கட்டை நினைச்சேன்.

நல்லா யோசிச்சுதான் செஞ்சேன். வேணாம்னு சொன்னது என் புருஷன். வேணும்னு சொன்னது மாத்திரை. நான் யார் பேச்சைக் கேக்கணும்? நிறுத்திட்டேன். அவர் மனசு சங்கடப்படக்கூடாதுன்னு அதே சைஸ்ல வெள்ளையா ஒரு சத்து மாத்திரையைக் குடுத்தேன். "இது மட்டும் இல்லன்னா என்ன ஆயிருப்பேனோ"ன்னு சொல்லித்தான் முழுங்குவார்.

கொஞ்ச நாள்ல பழையபடி சுவர் பக்கம் திரும்பிட்டார். மாத்திரை ஒழுங்கா போடறாரான்னு டாக்டரம்மா கேட்டாங்க. என் கையாலதான் குடுக்கறேன் மேடம்னேன். அளவை ஏத்தினாங்க. நானும் சத்து மாத்திரையை ரெண்டாக்கினேன். அப்புறம் அவர் டயாலிசிஸ் வேணவே வேணாம்னார். நாற்காலி தூக்க வந்த கங்கப்பன் அண்ணனைத் திருப்பி அனுப்பிட்டேன். அவர் வார்த்தையை நான் மீறினதே இல்ல.

கடைசி நாள் காலைல மூச்சு இழுத்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கங்கப்பனைக் கூப்பிடு ஜெபா, டயாலிசிஸுக்குப் போயிடலாம்"ன்னார். அண்ணன் கீழ வாசல்லதான் பைக் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

நான் கூப்பிடல. அந்த மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, இருந்தாலும் உடம்புல கொஞ்சம் மீதி இருக்கும், அதுதான் பேசுதுன்னு நினைச்சேன் சார்.