ஐஸ் கட்டாத பெட்டி

இல்லைங்க தலைவரே, பெட்டியில பழுது ஒண்ணும் கிடையாது. பாட்டில் ஜில்லுன்னு இல்ல, ஐஸ் கட்டலன்னு என்னைக் கூப்பிட்டு விட்டீங்க. இது ஐஸ் கட்டவே கட்டாது. கட்டக்கூடாதுன்னே செஞ்ச பெட்டி. ரெண்டு டிகிரிக்குக் கீழ இறங்காது, எட்டுக்கு மேல ஏறாது. மருந்து வைக்கிற பெட்டிங்க இது. நீங்க கூல் டிரிங்க்ஸ் அடுக்கி வச்சிருக்கீங்க.

எனக்கெப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க. இப்படி வந்து பின்னாடி குனிஞ்சு பாருங்க. மார்க்கர்ல தேதி போட்டு ஒரு கையெழுத்து இருக்கா? என்னுதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி உங்க நகராட்சி ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல நானே இறக்கி மாட்டினது. இந்த ஊர்ல இந்த மாடலைத் தொடறவன் நான் ஒருத்தன்தான். ரிப்பேருக்குன்னு சொல்லி ஆறு மாசம் முன்னாடி நகராட்சி ஆளுங்க தூக்கிட்டுப் போனதா நர்சம்மா சொன்னாங்க. ரிப்பேருன்னா என்கிட்டதானே வந்திருக்கணும்? எங்கதான் போய்த் தொலைஞ்சுதுன்னு ரெண்டு மாசமாத் தேடிட்டிருக்கேன்.

சும்மாக் கிடந்துச்சா? யாரு சொன்னா? ஸ்டெபிலைசர் புகைஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஒண்ணு வாங்கிக் கொடுங்கன்னு அந்தம்மா உங்க ஆபீசுக்கு மூணு தடவை எழுதினாங்க. நீங்க ஸ்டெபிலைசரைக் கொடுக்காம பெட்டியையே தூக்கிட்டு வந்து மீட்டிங் ஹால்ல இருக்கிற ஸ்டெபிலைசர்ல மாட்டி வச்சுக்கிட்டீங்க. நல்லா இருக்குங்க உங்க நிர்வாகம்.

போன்ல அப்புறம் பேசலாம், உக்காருங்க.

பிள்ளை பொறந்ததும் ரத்தம் நிக்கலன்னா ஒரு ஊசி போடுவாங்க. அந்த மருந்து குளிர்ல இருக்கணும். பெட்டி இங்க வந்துடுச்சு, மருந்து அங்க ஜன்னலோர அலமாரியில, இந்த வெயில்ல வெந்துக்கிட்டுக் கிடக்கு. பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. போட்டாத்தான் தெரியும், வெறும் தண்ணின்னு. பெட்டி அங்க இருந்த வரைக்கும் ஒரே ஒரு தாய் செத்தா. அது போனப்புறம் இந்த ஆறு மாசத்துல நாலு பேர். நான் ஏழாங்கிளாஸ்தான் படிச்சேன், எனக்கே இது புரியுது.

விசாரணை வச்சீங்கதானே? வாசல்ல ஒட்டியிருக்கிற தீர்மானத்தைப் படிச்சுட்டுத்தான் மேல வந்தேன். நாலு பேருமே தாமதமாக் கொண்டுவரப்பட்டதால இறந்தாங்களாம். எல்லாரும் ஏகமனதாக் கை தூக்கியிருக்கீங்க. இதே ஹால்ல, இந்தப் பெட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு.

நான் கத்தலைங்க. கத்தினா வேற மாதிரி இருக்கும்.

எதைத் தாமதம்னு சொல்றீங்க? அந்த நாலாவது பொண்ணு காலையில எட்டு மணிக்கே வந்துட்டா. யாரும் தூக்கிட்டு வரல, தானே நடந்து படியேறினா. உங்க டாக்டர்தான் அதுக்கப்புறம் வந்தாரு. பத்தேகாலுக்குக் குழந்தை பொறந்துச்சு. மூணு ஊசி போட்டாங்க, ரத்தம் நிக்கல. மூணாவது மருந்துக் குப்பியை நர்சம்மா வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு அப்படியே அழ ஆரம்பிச்சுட்டாங்க. பதினொன்றரைக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு.

மணி மணியாச் சொல்றேனா? வாசல்ல நின்னு கடிகாரத்தைப் பார்க்கிறதைத் தவிர எனக்கு அங்க வேற என்ன வேலை? என் மக அவ. பேத்தி வீட்ல இருக்கா, பவுடர் பால் குடிக்கிறா.

சரி, ஒயரைக் கழட்டியாச்சு. இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன், அந்தப் பக்கம் பிடிங்க. ப்யூனெல்லாம் வேணாங்க. நீங்களே பிடிங்க.