வடிவுக்கஞ்சி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, உடைவிளைன்னு ஒரு தேரிக்காட்டு ஊரு. மணலையும் பனையையும் விட்டா அங்க ஒண்ணும் கெடையாது. அந்த ஊருல அரியநாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். பெரிய பஞ்சத்துல பிள்ளை சுமந்தவ. வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டுப் பெத்தாளாம். அந்தப் பிள்ளை பால் இல்லாமயே செத்துப்போச்சு. பொறவு பொறந்தவன் ஒத்த மகன், தங்கக்கண்ணு.

அவனுக்கு வாக்கப்பட்டு வந்தவதான் நாராயணவடிவு. வடிவு, வடிவுன்னு கூப்பிடுவாவ. அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னைக்கே அரியநாச்சி மனசுல முடிவு பண்ணிட்டா. வார பேரப்பிள்ளை ஒரு வேளை கூடப் பசி அறியக்கூடாது. நல்ல எண்ணந்தான். யாரு இல்லன்னா?

பனையேறுற வீட்டுல ஆம்பிளை இறங்கி வந்து சாப்பிட்ட பொறவுதான் பொம்பளைக்குச் சோறு. அப்ப பொழுது அடைஞ்சு ரொம்ப நேரமாயிரும். அதுக்கு மேல அரியநாச்சி மருமக முன்னால உக்காந்து, சுடுசோறும் புளியும் வத்தலும் கூட்டின மீன்குழம்புமா வைப்பாளாம். வைப்பா, வைப்பா, வச்சுக்கிட்டே இருப்பா. போதும் அத்தேன்னு வடிவு கையக் குறுக்க வச்சா, கைமேலயே கொட்டுவாளாம்.

"ரெண்டு உசிருட்டி. தின்னு."

தின்னுட்டுப் படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறும். நெஞ்சு காந்தும். எந்திரிச்சு உக்காருவா. சாஞ்சா மறுபடியும் காந்தும். விடியுற வரைக்கும் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பா. விடிஞ்சதும் விடிலிக்குப் போவணும். விடிலின்னா பயினிய, அதான் பதநீர, காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துற ஓலைக்குடிசை. அங்க நின்னுக்கிட்டே கண்ணு சொருகும்.

வாயத் தொறந்து கேக்காமலும் இல்ல. ஒரு நாளு கேட்டாளாம்.

"அத்தே, வெளிச்சம் இருக்கையிலயே எனக்குக் கொஞ்சம் பயத்தங்கஞ்சி தாங்க. உறைப்பு வேண்டாம். குடிச்சுட்டு முத்தத்துல நாலு நடை நடந்துட்டுப் படுத்தா உறங்கிருவேன். எங்கம்மை அப்பிடித்தான் உறங்குவா."

அரியநாச்சிக்குச் சுருக்குன்னுச்சு. கஞ்சிக்கு வழியில்லாமதானே நான் ஒண்ணப் பறிகொடுத்தேன், நீ சோறு இருக்கையில கஞ்சி கேக்கியான்னு நெனச்சாளாம். ஆம்பிளைக்கு முந்தி தின்னான்னு ஊரு பேசும்னும் பயம். மகன் காதுக்கும் போச்சு. அம்மை சொல்லுததக் கேளுன்னு அவன் பனைக்குப் போயிட்டான். நல்ல புருசன்!

பயினி பெருகுற கோடை. வடிவுக்கு மாசம் நெறஞ்சு வயிறு இறங்கிட்டு. அண்டாவுல பாகு கொதிக்கி. அவ துடுப்பப் போட்டுக் கிண்டிக்கிட்டு நிக்கா. நின்ன வாக்குல உறங்கிட்டா. அம்புட்டுத்தான். அரியநாச்சி வெறகத் தூக்கிக்கிட்டு உள்ள வரையில வடிவு அண்டாவுல சரிஞ்சு கெடந்தாளாம். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரல.

வாழையிலையில போட்டு வச்சிருந்தாவளாம். கொஞ்ச நாளு கெடந்தா. கடைசியில மாமியாக்காரியப் பாத்து, "உறக்கம் வருது அத்தே"ன்னாளாம். ரெண்டு உசிரும் போயிருச்சு.

அதுக்குப் பொறவு அரியநாச்சி பொழுது சாயுமுன்ன கஞ்சிச்சட்டியத் தூக்கிக்கிட்டு, பிள்ளைத்தாச்சி இருக்குற வீடு வீடாப் போவாளாம். இப்பவே குடிச்சிருட்டி, குடிச்சிருட்டின்னு கெஞ்சுவாளாம். யாரு வாங்குவா? மருமகளக் கொன்ன கைன்னு கதவச் சாத்துவாவ. கஞ்சிய மணல்ல ஊத்திட்டுத் திரும்புவா. மறுநாளும் போவா. மகன் கொழும்புக்குக் கப்பலேறினவன், வரவே இல்ல. அவ செத்தது கூட ஊருக்குப் பிந்தித்தான் தெரிஞ்சுதாம்.

அவ செத்த பொறவுதான், அவ கெஞ்சுனது சரிதான்னு ஊருக்குப் புத்தி வந்துச்சு. அதுக்குள்ள எத்தனை பிள்ளைத்தாச்சிக உறங்காம கெடந்து சீரழிஞ்சுதோ, யாரு கண்டா? இன்னிக்கும் உடைவிளையில பொழுது அடையுமுன்ன, ஆம்பிளை பனையில இருக்கையிலயே, முதக் கரண்டி பிள்ளைத்தாச்சிக்குத்தான். உறைப்பில்லாத பயத்தங்கஞ்சி. ஒரு தடவ போதும்னுட்டா மாமியாக்காரி கரண்டியக் கீழ வச்சிரணும். அதுக்கு வடிவுக்கஞ்சின்னு பேரு.

ஊரு முச்சூடும் வைப்பாவ. அரியநாச்சி வீட்டுல மட்டும் வச்சதே இல்ல. வைக்க அங்க யாரு இருக்கா?