நேரம் சரியில்லாத மத்தியானம்

அழுதனா? அதெல்லாம் இல்லப்பா. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு. கண்ணாடில என்னையே பார்த்துட்டிருந்தா எங்கயாவது கொண்டு போய் முட்டிடுவே.

சரி, சொல்றேன். சீட்டாடிட்டு வரேன். சிரிக்காத, நிஜமாத்தான். பல் டாக்டர்கிட்ட நர்ஸா இருக்கேன். வாரம் பூரா ஊரான் வாயையே பார்த்துட்டிருக்கறவளுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு போக்கர். எங்க கிளப்பு மாடில பச்சைத் துணி போட்ட மேசை ஒண்ணு உண்டு. எங்க வீட்டுக்காரர்தான் கத்துக் குடுத்தாரு. இப்ப அவர் ஆடறதில்ல. என் பின்னாடி நாற்காலியைப் போட்டுட்டு உக்காந்துப்பாரு.

கொஞ்ச நாளா ஒரே தோல்வி. இன்னிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் கத்த மாட்டேன், சீட்டை வீசியடிக்க மாட்டேன். எழுந்து போய் முகம் கழுவுவேன், ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நிப்பேன், திரும்பி வந்து சின்னதா பந்தயம் கட்டுவேன். கெட்ட நேரம் யாருக்குத்தான் வரல? அது என்ன, நம்ம வீட்டு விலாசம் கேட்டுட்டா வருது? அவரும் டீ வாங்கிட்டு வந்து தோளைத் தட்டுவாரு. விடும்மா, நேரம் சரியில்லம்பாரு. அந்த ஒரு வார்த்தையில பாதி பாரம் இறங்கிடும்.

ஆனா இன்னிக்கு ஒண்ணு உறைச்சுது. கெட்ட நேரம்னா சீட்டு மோசமா வரணுமில்ல? எனக்கு நல்லாத்தான் வருது. நல்ல சீட்டு வந்த உடனே எதிர்ல ஆடற துணிக்கடைக்காரர் சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிடறாரு. கையில ஒண்ணுமில்லாம பெரிசா கட்டி சும்மா மிரட்டிப் பார்த்தா, அசையாம உக்காந்திருக்காரு. என் மனசுக்குள்ள என்ன ஜன்னலா வச்சிருக்கு? அப்பதான் கவனிச்சேன். அந்தாளு என் மூஞ்சியையே பார்க்கல. என் தோளுக்கு மேல பார்க்கறாரு.

ஆமா, எனக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்துச்சு. இருந்தாலும் சோதிச்சுப் பார்த்துடலாம்னு தோணுச்சு. இந்த ஆட்டத்துல ஆளுக்கு ரெண்டு சீட்டு ரகசியமா, மீதி நடுவுல பொதுவா. எனக்கு வந்தது ஒரு மூணும் ஒரு ராஜாவும். மூணைப் பின்னாடி தெரியற மாதிரி நல்லா தூக்கிப் பார்த்தேன். ராஜாவை உள்ளங்கையிலேயே பொத்திக்கிட்டேன். நடுவுல ரெண்டு ராஜா விழுந்துச்சு. துணிக்கடைக்காரர் என் தோளுக்கு மேல ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் முன்னாடி இருந்த பந்தயக் காயின் அத்தனையையும் ஒரே தள்ளா தள்ளிட்டாரு.

நானும் தள்ளினேன். சீட்டைத் திறந்தேன், மொத்தம் மூணு ராஜா.

அந்தாளுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. கோவத்துல எங்க இருக்கோம்னே மறந்து, என்னய்யா, கையில ஒண்ணுமில்லன்னு காதைத் தொட்டியேன்னு கத்திட்டாரு. எனக்குப் பின்னாடி பார்த்து.

நான் திரும்பவே இல்லப்பா. திரும்பலன்னா அது வேற யாரோவா இருந்துடும் பாரு, அப்படி ஒரு நப்பாசை.

ஜெயிச்சதையா? எடுக்கல. அப்படியே போட்டுட்டு இறங்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் படிக்கட்டுல பின்னாடியே ஓடி வந்தாரு. ஏன்னு கேட்டேன். காசு வாங்கிட்டியான்னு கேட்டேன். வாங்கியிருந்தாக்கூடத் தேவல, காரித் துப்பிட்டு விட்டிருப்பேன். சத்தியமா ஒரு பைசா வாங்கலங்கறாரு. ஜெயிச்சா நீ சிநேகிதிங்களோட சிரிச்சுக்கிட்டே போயிடறே, தோத்த அன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்து என் தோள்ல சாயறேங்கறாரு. அழுதுகிட்டே சொல்றாருப்பா.

இதுக்கு என்ன பதில் சொல்லுவே நீ?

எங்கயா? இப்படியே நேரா போ. தங்கச்சி வீடு இருக்கு. அங்க போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அடிச்சாரா, குடிச்சாரான்னு கேப்பா. பாசமாத்தான் இருந்தாருன்னு சொன்னா, யாரு நம்புவா?