கஞ்சி போட்ட திரி

— ஜானு மாமி, துளசித் தொட்டில மண்ணு காஞ்சி கீது. நேத்து பக்கெட்லேந்து தொட்டிக்கு நீங்க வெச்ச துணித்திரி சொட்டுத் தண்ணி இழுக்கல.

— நுனி பக்கெட்ல முங்கித்தானே இருக்கு, அன்பு?

— முங்கிக்கினுதான் கீது. துணி வெறப்பா நிக்குது பாருங்க. இது மாமா வேட்டிதானே?

— அவரோடதுதான். பீரோல மடிச்சது மடிச்சபடி இருந்தது. கிழிச்சுட்டேன்.

— கஞ்சிய அலசாம கிழிச்சா எப்டி தண்ணி இழுக்கும்? குடுங்க, அலசி ஈரத்தோட வெக்கறேன்.

— அலச மனசு வரலைடி. அவர் போறதுக்கு மொதநாள் நான் போட்ட கஞ்சி.

— அப்போ இன்னாத்துக்குக் கிழிச்சீங்க? ஆறு வருசமா நான்தான் ஊத்துறேன். ஒரு செடி வாடிச்சா? இங்க எங்க குடிசய இடிச்சி, எங்கள பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டப்புறமும் ரெண்டு பஸ் மாறி மயிலாப்பூர் வரேன். இப்ப பக்கெட்டும் திரியும் போதும், நான் வேணாம். அப்டித்தானே?

— அப்படி இல்லடி. கும்பகோணத்துல கல்யாணம். பத்து நாள் ஆத்துல இருக்க மாட்டேன்னு சொன்னேனே.

— சாவியக் குடுத்துட்டுப் போங்க. நான் வந்து ஊத்துறேன்.

— வேண்டாம். அந்தப் பத்து நாள் நீ இங்க வர வேண்டாம்.

— அதான் பாத்தேனே. கட்டி வெச்ச பையையும் பாத்தேன். நாலு நைட்டி, ஒரு ஃபிளாஸ்க். கல்யாணத்துக்குப் பட்டுப்பொடவ எங்க?

— அங்க யார்கிட்டயாவது வாங்கிக் கட்டிப்பேன்.

— மூக்குத்தியும் வாங்கிப் போட்டுப்பீங்களா? ஆறு வருசத்துல உங்க மூக்க வெறுமையா பாத்ததே இல்ல. கல்யாணத்துக்குப் போறவங்க அதக் கழட்டுவாங்களா?

— கழட்டிண்டுதான் வரணும்னு சொல்லிட்டா.

— யாரு?

— ஆஸ்பத்திரில. மார்ல ஒரு கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன்.

— ஐயோ மாமி. பிரணவ் தம்பிக்குத் தெரியுமா?

— தெரியாது. கனடால என் பிள்ளைக்கு இப்பத்தான் ஒரு வேலை கெடைச்சிருக்கு. சொன்னா விட்டுட்டு ஓடி வந்துடுவான். பயமா இருக்கு அன்பு. ஒன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம ரெண்டு நாளா இந்தத் திரியை முடிஞ்சுண்டு உக்காந்திருக்கேன்.

— என்னாண்ட இன்னா கேக்கணும்? செடிக்குக்கூட நான் வேணாம்னு சொல்ட்டீங்களே.

— செடிக்குத் தண்ணி ஊத்த உனக்கு நேரம் ஒழியாதுடி. ஆஸ்பத்திரி பாரத்துல, கூட இருக்கறவா யாருன்னு கேட்டிருந்தா. உன் பேரை எழுதிட்டேன்.