திருகாணி விழுந்த பாட்டு

— அந்தப் பாட்டு வேணாம்னா வேணாம், பிரிட்டோ. லிஸ்ட்ல அடிச்சாச்சு. அம்புட்டுத்தான்.

— திருப்பி எழுதுங்க, ஸ்டான்லியண்ணே. ஆனந்தி பாடும்.

— ஏலே, செத்த எட்டிப் பாரு. இன்னும் பொழுதே அடையல, எரியோட்டுச் சனம் பூரா பேட்டரி லைட்டும் கையுமா உக்காந்துருக்கு. ஒம் பொண்டாட்டி பாட்டுக்குத்தான் அம்புட்டும். லிடியா செத்து எட்டு மாசம் ஆகல. அது நின்ன எடத்துல நேத்து வந்த புள்ள நின்னு திக்குச்சுன்னு வையி, ஒன் கீபோர்டோட என் ட்ரூப்பையும் சேத்துத் தூக்கிப் போட்ருவாய்ங்க.

— ஏனுங்க ஸ்டான்லியண்ணா, எங்க நெய்க்காரப்பட்டிப் பக்கம் லைட்ட மேலதான் தூக்குவாங்க. இங்க அந்தப் பாட்டுக்குத் தரையில அடிப்பாங்களாமா, எதுக்குங்க?

— ஒனக்கு யாரும் சொல்லலையா ஆனந்தி? தொண்ணூத்தாறு. இதே மேடை. லிடியா பாதிப் பாட்டுல நிறுத்திருச்சு. காதத் தொட்டுச்சு. "கம்மல் திருகாணி விழுந்துருச்சு, யாரும் நகராதீக"ன்னு மைக்லயே சொல்லிருச்சு. அம்புட்டுத்தான். இருந்த லைட்டு, தீப்பெட்டி எல்லாம் தரைக்கு வந்துருச்சு. சனம் குனிஞ்சு தேடுது, இவன் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்கான். அப்பறம் மிச்சத்தப் பாடி முடிச்சுச்சு பாரு, அப்படி ஒரு கைத்தட்டு!

— கெடச்சுதுங்களா?

— எங்க கெடச்சுச்சு! மறு வருசமும் அந்தப் பாட்டு வந்ததும் லைட்டடிச்சுத் தேடுனாய்ங்க, வெளையாட்டுக்கு. அதுவே வழக்கமாயிருச்சு. தொப்பம்பட்டில லிடியா காலே வச்சதில்ல. வேற ட்ரூப்பு பாடுது, அங்கயும் தரையிலதான் அடிக்கிறான். ஏன்டான்னா, "இந்தப் பாட்டுக்கு அப்படித்தானுங்க"ங்கிறான்.

— தேட வந்தவுகள சும்மா அனுப்பக் கூடாதுண்ணே.

— ஒன்னால வாசிக்க முடியுமாடா?

— முடியும்.

— என்னால முடியாதுங்கண்ணா. காலைலருந்து ரெண்டாவது சரணத்த ஏழு தடவ மறந்துட்டனுங்க. அக்கா மாதிரி யாருங்க பாட முடியும்?

— அக்கா மாதிரியா? கிட்ட வா. அண்ணே, நீங்களும் கேளுங்க. எங்கிட்ட மட்டுந்தான் சொல்லிருக்கா.

— என்னத்தடா?

— திருகாணி காதுலயேதான் இருந்துச்சு. விழுந்தது ரெண்டாவது சரணம். மறந்தா நீயும் காதத் தொடு, ஆனந்தி. வரி வர்ற வரைக்கும் நான் வாசிக்கிறேன்.