ஹனியா வீட்டு நாரத்தம்பூ

— எறங்குடா! எறங்குங்கறேன்ல! ஹம்மு, ஒரு மொட்டு கீழ விழுந்துச்சோ, அப்புறம் நீ இந்தத் தெருவுல எப்படி நடமாடறேன்னு பாக்கறேன்.

— எனக்கென்ன வந்துச்சு, பத்தூலக்கா? ஹனியாம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். பூவு, மொட்டு ஒண்ணு விடாம உதுத்துருன்னாங்க. ஏணிய வச்சு ஏறினேன், நீங்க கத்திக்கிட்டு வர்றீங்க.

— அண்ணி! நெசமாவா? நீங்களா சொன்னீங்க?

— நான்தான் சொன்னேன். கத்தாத பத்தூல், வெளிய கேக்கும்.

— கேக்கட்டும். மராகேஷ் ஊரு மொத்தமும் வந்து கேக்கட்டும். பூத்துக் குலுங்குற நாரத்தைய யாராவது அடிப்பாங்களா? அண்ணாந்து பாருங்க, எல தெரியுதா? வெறும் பூவு!

— புருஷன் மௌத்தாகி, நாலு மாசம் பத்து நாள் துக்கம் காக்கற இத்தாவுல இருக்கேன். வெள்ளைத் துணியோட உக்காந்திருக்கேன். வாசனையே கூடாது. உனக்குத் தெரியாததா?

— ஒடம்புல பூசக்கூடாது, அவ்வளவுதான். மூச்சே விடாதன்னு யாரு சொன்னா? மரம் மொட்டு விட்டப்பவே பள்ளிவாசல்ல கேட்டுட்டேன். வீட்டு மரம் பூத்தா பொம்பள என்ன பண்ணுவா, மூக்கக் கழட்டி அலமாரியில வைப்பாளான்னு கேட்டேன். பெரியவரு சிரிச்சிட்டாரு. காத்து கொண்டு வர்றதுக்கெல்லாம் கணக்கு கெடையாது, போம்மான்னாரு.

— நீ கேட்டிருப்ப.

— ஏன் கேக்க மாட்டேன்? என்ன மாதிரி மரம் இது! ஹம்மு, நீ சொல்லுடா. நீ ஏறாத நாரத்தையா?

— ஹனியாம்மா கோவிச்சுக்கக் கூடாது. எனக்கென்ன வந்துச்சு, உள்ளதச் சொல்லிடறேன். புது ஊர்ப் பக்கம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நாரத்தைதான். எல்லாத்துக்கும் நான்தான் கெளை கழிக்கறேன். அதுங்களும் மணக்கும், இல்லேங்கல. பாதி பஸ்ஸு பொகையில போயிடும். இது நாலு சுவத்துக்குள்ள நிக்குதா, வாசன எங்கயும் ஓடாம கெணத்துத் தண்ணியாட்டம் தேங்கி நிக்குது. பாலைவனத்துப் பக்கமிருந்து காத்து அடிச்சு, வாயெல்லாம் மண்ணா வந்தேனா, உங்க தெருமுனை திரும்பினதும் காலு தானா மெதுவாயிடுச்சுக்கா. நெசமாச் சொல்றேன், தோள்லேருந்து ஏணிய எறக்கவே மனசு வரல.

— கேட்டீங்களா அண்ணி? ரொட்டி சுடறவன் மாவுத் தட்டோட உங்க சுவத்த சுத்திச் சுத்தி வர்றான். பார்பர் நாற்காலிய இந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டாரு. கழுத நிக்குது அண்ணி, கழுத! புதினா மூட்ட சொமந்துக்கிட்டு வர்ற கழுத உங்க வாசல்ல நின்னுக்கிட்டு, அடிச்சாலும் நகர மாட்டேங்குது.

— அதத்தான் சொல்றேன். தெருவே பேசுது. இத்தாவுல இருக்கறவ வீடு இப்படி மணக்குதேன்னு.

— யாரு பேசினது? பேரச் சொல்லுங்க.

— யாரோ.

— யாரும் பேசல. நின்னு ஒரு மூச்சு இழுத்துட்டுப் போறாங்க, அவ்வளவுதான். சரி, நீங்க தொடவே வேணாம். வெயில் ஏறறதுக்குள்ள நான் வந்து துணி விரிச்சுப் பறிச்சுக்கறேன். செப்புப் பானைய எங்க வீட்டு அடுப்புல ஏத்தி, அங்கயே பூத்தண்ணி எறக்கிக்கறேன். உங்க வாசலுக்கு ஒரு சொட்டு வராது. போதுமா? என் கல்யாணத்துக்கு வந்தவங்க கையில தெளிச்சது இந்த மரத்துத் தண்ணி. எம் புள்ளைக்குக் காய்ச்சல்னா நெத்தியில தடவறது இது. பெருநாள் பாதாம் பலகாரத்துல இது ஒரு மூடி விழலேன்னா எம் மாமியா தட்டையே தள்ளி விட்டுருவா. எத்தனையோ மரத்துத் தண்ணி வாங்கி ஊத்திப் பாத்தாச்சு, அவ கண்டுபிடிச்சிருவா!

— அழகான மரம்தான். நான் இல்லேன்னேனா?

— அப்புறம் என்ன?

— ஹம்மு, நீ கோல எடு.

— எடுத்துருவியா? இதோ, மரத்தடியிலயே உக்காந்துட்டேன். என்னையும் சேத்து அடி.

— அக்கா, எந்திரிங்க. அங்க எறும்புப் புத்து.

— கடிக்கட்டும்! அண்ணி, இது எங்கண்ணன் வச்ச மரம். அவரு போயி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள அடிக்க ஆள் வச்சிட்டீங்க. மிலூத் அண்ணன் மேல அப்படி என்ன வெறுப்பு உங்களுக்கு?

— வாய அடக்கு பத்தூல்.

— அடக்க மாட்டேன். யாருக்காக வச்சாரு? உங்களுக்காக. தோல் பதனிடற தொட்டியில, சுண்ணாம்புலயும் புறா எச்சத்துலயும் பொழுதன்னிக்கும் நின்னுட்டு வருவாரு. சுத்திப் பாக்க வர்ற வெளியூர்க்காரன் புதினாவ மூக்குல வச்சு அழுத்திக்கிட்டு எட்டிப் பாப்பானே, அந்தத் தொட்டியில. வந்தா நீங்க முக்காட்டால மூக்கப் பொத்திக்கிட்டு, குளி குளின்னு வாசல்லயே வெரட்டுவீங்க. எத்தன தேச்சாலும் போகலேன்னுதான் பாவம், ஒரு கன்னு வாங்கியாந்து நட்டாரு. எம் பொண்டாட்டியாவது நல்ல வாசனையில தூங்கட்டும்னு.

— தெரியும். குழி வெட்டறப்ப நான்தான் தண்ணி ஊத்தினேன்.

— அப்படி வச்ச மரத்தப் போயி...

— உள்ள ஆணியில அவரோட மேலங்கி தொங்குது, பத்தூல். இன்னும் தொவைக்கல.

— அப்படியேவா? தொட்டியிலேருந்து வந்தபடியேவா?

— அப்படியேதான். ராத்திரி அத மூஞ்சியில போட்டுக்குவேன். தோலு, சுண்ணாம்பு, எச்சம், எல்லாம். கொமட்டும். கொமட்டினதும் அவரு பக்கத்துல படுத்திருக்காருன்னு தூங்கிருவேன். இது பூக்க ஆரம்பிச்சதுலேருந்து ரூமெல்லாம் பூவு. தலகாணி பூவு. மேலங்கிய மோந்தா அதுலயும் பூவு. நேத்து விடிய விடியத் தேடறேன், கைப்பக்கம், கழுத்துப்பட்டி, அக்குள்கூட விடல. அவரு கெடைக்கல.

— அண்ணி...

— உலகத்துலயே நல்ல வாசனதான். அதுக்கு முன்னாடி அவரு எப்படி நிப்பாரு, சொல்லு?

— மேலங்கிய எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க. அங்க மரமும் இல்ல, செடியும் இல்ல.

— இத்தா முடியாம வெளிய போயித் தங்கலாமா? அதையும் பள்ளிவாசல்ல கேட்டியா?

— ஹனியாம்மா, நான் வேணா நாளைக்கு வரட்டுமா? எனக்கென்ன...

— எங்கடா கெளம்பிட்ட? நாளைக்கு இன்னும் விரிஞ்சிரும். ஏணிய அண்ணி தூங்கற ரூம் ஜன்னல் பக்கமாப் போடு. உச்சாணிக் கெளையில உனக்கு எட்டாததெல்லாம் விட்டுரு, நான் ஏறி உதுக்கறேன்.