இறங்குவதற்குப் படி

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் மூன்றாம் மாடி. லிப்ட் பக்கத்தில், ‘ஏற மட்டும். இறங்கப் படிகளைப் பயன்படுத்தி மின்சாரம் சேமிப்போம்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தூங்கும் மகளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கலாமா, அவள் எழும்வரை காத்திருக்கலாமா என்று நான் யோசித்து நின்றபோது, ஒரு நிறைமாதப் பெண் தன் மாமியாரிடம் சொன்னாள்:

“அத்த, குனிஞ்சா படி தெரியல. வயிறுதான் தெரியுது.”

“நான் முன்னாடி எறங்குறேன். வழுக்குனா என்மேல சாஞ்சுக்க.”

“அப்புறம் ரெண்டு பேரும் எக்ஸ்ரேவுக்குத்தான் திரும்பி வரணும்.”

மாமியார் சிரிக்கவில்லை. காவலுக்கு நின்ற பெண்ணிடம் போனார்.

“ஏம்மா, புள்ளத்தாச்சிய மட்டும் வுடக் கூடாதா?”

“ஆளுக்கு ஆள் வுட்டா கரண்ட் எப்படிங்க மிச்சமாவும்? என்னையத்தான் திட்டுவாங்க.”

“சரி. கீழ நிக்கிறவங்கள ஏத்த இந்த லிப்ட் எப்படிப் போவும்?”

“எறங்கித்தான் போவும்.”

“யார ஏத்திக்கிட்டு?”

காவல் பெண் லிப்டைப் பார்த்தார். “காலியாத்தாங்க.”

அப்போதுதான் இரண்டு பேரை மேலே கொண்டுவந்து விட்ட லிப்டின் கதவு மூடத் தொடங்கியது. மாமியார் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்து, மருமகளை உள்ளே ஏற்றினார்.

“நீங்க அத்த?”

“நான் படியில வரேன். அவங்க சொன்னதுல பாதியாவது கேட்ட மாதிரி இருக்கட்டும்.”

கதவு மூடியது. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வேகமாக இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் கதவருகே நின்று, “இருக்கியா புள்ள?” என்று அவர் கூப்பிடுவது மேலே வரை கேட்டது. பதில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.